குதிருக்குக் கதவு இல்லை

சற்று நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாசிக்கலாம்.

கான்செப்ட் ஆர்ட் கற்கத் தொடங்கியிருக்கிறேன் என்று சென்ற மாதம் ஒருவரிப் பதிவொன்று இட்டிருந்தேன். ஆய்வைக் கைவிட்டுவிட்டாயா என்று கேட்டவர்கள் சிலர். எந்த நிறுவனம், எவ்வளவு கட்டணம் என்று உட்பெட்டியில் கேட்டவர்கள் பலர். ஆய்வைக் கைவிடவில்லை. நிறுவனமும் இல்லை. நானே எனக்கொரு பாடத்திட்டம் வகுத்துக்கொண்டிருக்கிறேன். அதுகூட இரண்டாவது திட்டம். முதல் திட்டம் மூன்றே வாரத்தில் செத்துப்போயிற்று. அது ஏன் செத்தது, இப்போதைய திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தனியாக எதையேனும் கற்க முயன்றுகொண்டிருக்கும் ஆய்வுத் தோழர்களுக்குப் பயன்படலாம்.

என் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில். என் களம் இடுக்கி மாவட்டத்து அஞ்சுநாடு: மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி. அங்குள்ள முதியோரின் தமிழைப் பதிவு செய்வதே என் ஆய்வு. கேரளத்தின் இந்த மாவட்டத்திலிருந்து அந்த மாவட்டத்துக்குச் செல்ல நான் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, பிறகு மூணாறு செல்லும் பேருந்தில் சின்னாறு சோதனைச்சாவடி தாண்டி மறையூர். ஒரே நாளில் எல்லையை இருமுறை கடக்கும் இந்தப் பேருந்துப் பயணங்களில்தான் நான் வரையத் தொடங்கினேன். குலுங்கும் பேருந்தில் குறிப்பெழுத முடியாது. கிறுக்க முடியும்.

முதல் திட்டம் பார்க்க மிக அழகாக இருந்தது. 52 வாரங்கள், 52 கட்டங்கள், கட்டத்துக்கொரு வண்ணம். தொலைநோக்கு, உடலமைப்பு, ஒளி, வண்ணம், பாத்திர வடிவமைப்பு, நிலக்காட்சி, ஊர்திகள், ஆயுதங்கள். ஊர்திகள் எனக்கெதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இணையத்தில் எல்லோருடைய பட்டியலிலும் இருந்தது, என் பட்டியலிலும் இருந்தது. உதவித்தொகை வந்த வாரத்தில் கட்டணப் பயிற்சியொன்றிலும் சேர்ந்தேன். அதன் இரண்டாம் பணி: 'பழங்குடிக் கிராமம் ஒன்றை வடிவமையுங்கள்.' வரைந்தேன். கூம்புக் குடிசைகள், வாயிலில் கம்பங்கள், கம்பங்களின் உச்சியில் மண்டையோடுகள், முகமெங்கும் சாயம் பூசிய காவலாளி. நிறைய விருப்பக்குறிகள் கிடைத்தன.

இரண்டு நாள் கழித்துச் சின்னாற்றுக் காட்டுக்குள் பேருந்து போய்க்கொண்டிருந்தபோது அந்தப் படத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தேன். அருகில் முதுவர் குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு அமர்ந்திருந்தார். குழந்தை எட்டிப் பார்த்தது. தாயும் பார்த்தார். "இது எந்த ஊரு?" என்றார். ஏளனம் ஏதுமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். அவர் இறங்கும்வரை திறக்கவில்லை.

இரண்டாண்டுகளாக இந்த மலையில் அலைந்து, அத்தனை வீடுகளின் திண்ணையிலும் அமர்ந்து எழுந்தவள் நான். இருந்தும் 'பழங்குடிக் கிராமம்' என்றதும் என் கை எங்கோ பார்த்த திரைப்படத்தைத்தான் வரைந்தது. கை மட்டுமா என்றால், இல்லை. அந்த வாரமே வண்ணக் கட்டங்களை அழித்தேன்.

இந்த இடத்தில், கான்செப்ட் ஆர்ட் என்றால் என்னவென்று அறியாத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். திரைப்படமோ கணினி விளையாட்டோ உருவாவதற்கு முன், அதில் வரும் இடங்களும் மாந்தரும் பொருள்களும் எப்படி இருக்கும் என்று தீர்மானிப்பதற்காக வரையப்படும் படங்கள் அவை. சுவரில் மாட்டுவதற்கானவை அல்ல. அரங்கம் அமைப்பவரும் உடை தைப்பவரும் கணினியில் உரு வார்ப்பவரும் அவற்றைப் பார்த்துத் தம் வேலையைத் தொடங்க வேண்டும். போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்ப ஓவியராக இருந்த ரால்ஃப் மெக்குவாரி 1975இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக வரையத் தொடங்கியபோது, டார்த் வேடர் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளி வழியாக வருவதாகத் திரைக்கதையில் இருந்தது. அங்கே அவன் எப்படி மூச்சு விடுவான் என்று யோசித்து அவர் ஒரு சுவாசக் கவசத்தைச் சேர்த்தார். உலகம் முழுக்க அறிந்த அந்தக் கறுப்பு முகம் பிறந்தது அச்சுறுத்தும் நோக்கில் அல்ல, மூச்சு பற்றிய ஒரு கேள்வியில்.

நம் பக்கத்திலும் சொல்வதற்கு ஆள் உண்டு. 'தேன்மாவின் கொம்பத்து', 'எந்திரன்', 'பாகுபலி' ஆகியவற்றின் கலை வடிவமைப்பாளர் சாபு சிரில், பொள்ளாச்சிக்கு மேலே வால்பாறையில் பிறந்தவர். பழந்தமிழ் மன்னர்களை நாட்காட்டிப் படங்களின் பகட்டிலிருந்து விடுவித்து வரைய முயன்ற ட்ராட்ஸ்கி மருதுவின் 'வாளோர் ஆடும் அமலை' நூலை இத்துறையில் நுழைய விரும்பும் தமிழ் மாணவர் எவரும் ஒருமுறை புரட்ட வேண்டும். மன்னன் தலையில் இவ்வளவு பெரிய கிரீடத்தை வைத்தது யார் என்று சந்தேகப்படக் கற்பதே ஒரு பயிற்சிதான்.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை, மொழியியல்காரியின் நோய், பொறுத்துக்கொள்ளுங்கள். 'கருத்தோவியம்' என்று மொழிபெயர்த்தால் நாளிதழின் கருத்துப்படம் நினைவுக்கு வருகிறது. ஆகவே கான்செப்ட் ஆர்ட் என்றே எழுதுகிறேன். ஆனால் மறையூர்ச் சந்தனக் காட்டுக்குள் தொல்பழங்கால ஓவியங்கள் உள்ள ஓரிடத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் எழுத்துக்குகை. அங்கே இருப்பது எழுத்தன்று, படம். பிழையான பெயர் என்று சிலர் திருத்துகிறார்கள். பிழையே இல்லை. தமிழில் சித்திரத்தையும் எழுதலாம், கண்ணுக்கு மையும் எழுதலாம். வரைதலும் எழுதுதலும் இரண்டு துறைகளாகப் பிரிந்தது பிற்காலத்துப் பல்கலைக்கழகங்களில்தான்.)

இனிக் குதிருக்கு வருகிறேன்.

காந்தளூர்ப் பக்கம் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். என் ஒலிப்பதிவுகளில் கால்வாசி அவருடைய குரல். இன்று கரும்பும் காய்கறியும் கிராண்டிஸ் மரங்களும் நிற்கும் சரிவுகளில் அவருடைய சிறுவயதில் நெல் விளைந்தது. அந்த நெல்லைச் சேமித்த குதிர் அவர் வீட்டில் இருந்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்போது இல்லை, அவர் அறிந்தவரை அந்தத் தெருவில் எவர் வீட்டிலும் இல்லை. வினாநிரலில் 'குதிர்: தானியம் சேமிக்கும் மண்கலம்' என்று எழுதி, ஒலிப்பைக் குறித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்குப் போயிருந்தேன்.

கட்டங்களை அழித்த வாரத்தில், வேறு வேலை ஓடாமல், அந்தக் குதிரைக் கற்பனையாக வரைந்து எடுத்துப் போனேன். உயரமான மண் உருளை, மேலே கூம்பு மூடி, அடியில் நெல் எடுப்பதற்கு ஒரு கதவு. பாட்டி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதென்ன தாயி, பீரோவா?"

"குதிர், பாட்டி. நீங்க சொன்னதுதான்."

"அடியில இம்புட்டுப் பெரிய கதவு வெச்சா, தொறந்ததும் நெல்லு பூராம் காலுல கொட்டிப்போகாதா?"

கதவு கிடையாது. மேல்வாய் வழியாகக் கொட்டுவார்கள். அடியில் கைப்பிடி அளவுக்கு ஒரு துளை. அதைத் துணியாலோ வைக்கோலாலோ அடைத்து மெழுகிவைப்பார்கள். அடைப்பைப் பிடுங்கினால் வேண்டிய அளவு நெல் தானாக இறங்கும். பிறகு பாட்டியே கேள்விகளைத் தொடுக்கத் தொடங்கினார். இது தரையிலேயே உட்கார்ந்திருக்கிறதே, ஈரம் ஏறாதா? எலி எந்தப் பக்கம் ஏறும் என்று பார்த்தாயா? மேல்வாய் இவ்வளவு உயரத்தில் இருந்தால் நான் எதில் ஏறி நின்று கொட்டுவேன்? அவர் கேட்கக் கேட்க, சிவப்புப் பேனாவால் என் படத்தின் மீதே திருத்தினேன். கீழே கற்கள் வந்தன. உயரம் குறைந்தது. கதவு போயிற்று. பக்கத்தில் ஏறி நிற்க ஒரு திட்டு வந்தது.

அரைமணி நேரத்தில் அந்த ஒரு பொருளைச் சுற்றி 11 சொற்கள் கிடைத்தன. துளைக்கு ஒரு பெயர், அடைப்புக்கு ஒரு பெயர், கீழிருக்கும் கற்களுக்கு ஒரு பெயர், கடைசியாக மூலையில் தங்கிப்போகும் நெல்லுக்குக்கூட ஒரு பெயர். (ஆய்வேட்டில் வரவிருப்பதால் அவற்றை இங்கே தரவில்லை. மன்னிக்கவும்.) இரண்டாண்டு வினாநிரல் தராததைத் தவறான ஒரு படம் தந்தது. "குதிரின் பாகங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எவருக்கும் நினைவுக்கு வராது. தவறாக வரைந்து நீட்டினால் சும்மா இருக்க எவராலும் முடியாது.

அன்று பேருந்தில் திரும்பும்போது மெக்குவாரியின் சுவாசக் கவசம் நினைவுக்கு வந்தது. எலி எங்கே ஏறும் என்ற பாட்டியின் கேள்வியும், வேடர் எப்படி மூச்சு விடுவான் என்ற கேள்வியும் ஒரே வகைக் கேள்விகள். எனக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பித்தவர்கள் என் படத்தின் ஒளியைப் பாராட்டினார்கள். அந்த மண்டையோடு கம்பத்தில் ஏன் இருக்கிறது, அதை அங்கே ஏற்றியவர் யார், மழையில் அது என்னவாகும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது திட்டம் அங்கிருந்து தொடங்கியது. மொழியியல் மாணவர்கள் மோரிஸ் சுவதேஷின் அடிப்படைச் சொற்பட்டியலை அறிவார்கள். அதன் இறுதி வடிவத்தில் 100 சொற்கள். அறியாத ஒரு மொழியின் களத்துக்குள் நுழைபவர் பேரகராதியைச் சுமந்து போவதில்லை. நீர், நெருப்பு, கண், கல் என்று சிறிய, முடிவுள்ள ஒரு பட்டியலோடு போகிறார். என் முதல் திட்டம் பேரகராதியாக இருந்தது. இப்போது என் களத்திலிருந்து 100 பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறேன். குதிர், அம்மி, கரும்பாலைக் கொட்டகை, வெல்லம் காய்ச்சும் கொப்பரை, மாட்டுத் தொழுவம், முனியறை என்று அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறை, தண்ணீர்க் குழாயடி, ஜீப்பின் பின்புறம், பூண்டு காயவைக்கும் பரண். பழையவை மட்டும் இல்லை. ஜீப்பும் குழாயும் இல்லாத மலையை வரைந்தால் மறுபடியும் மண்டையோட்டுக் கிராமத்துக்குத்தான் போய்ச் சேருவேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு படங்கள். முதலாவது, சொல்லை மட்டும் கேட்டு, பொருளைப் பாராமல் வரைவது. இரண்டாவது, அதைப் பயன்படுத்தியவரிடம் காட்டித் திருத்து வாங்குவது. மூன்றாவது, திருத்தங்களோடு புதிதாக வரைவது. நான்காவதுதான் கான்செப்ட் ஆர்ட்: ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கற்பனை செய்வது. இதே குதிர் ஆண்டுதோறும் வெள்ளம் புகும் ஊரில் இருந்தால்? நெல்லுக்குப் பதிலாகத் தேனைச் சேமித்தால்? எலிகள் மனித உயரம் இருக்கும் உலகத்தில்? மலை, மழை ஆகிய இரு சொற்களுக்கும் இடையே ஒரே ஓர் ஒலிதான் வேறுபாடு. பொருளோ முற்றிலும் வேறு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் எது எதைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கிடைப்பது கற்பனை அன்று, இரைச்சல். குதிரின் நான்காவது படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளக் குதிர். கீழே கல்லுக்குப் பதிலாக மூங்கில் மிதவை, அடித்துளை மேலேறிப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. பாட்டியிடம் காட்டினேன். "இது எங்க ஊருல இல்ல. ஆனா இருந்திருக்கலாம்" என்றார். இதுவரை கிடைத்த மதிப்பீடுகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பாட்டியால் கற்பிக்க இயலாதவையும் இருக்கின்றன. அவற்றை மழுப்ப முடியாது. தொலைநோக்கு அறியாத கை எத்தனை நல்ல யோசனையையும் சப்பையாக்கிவிடும். அதற்கு 'ட்ரா எ பாக்ஸ்' என்ற இலவச இணையப் பாடங்களைப் பின்பற்றுகிறேன். கோடு, நீள்வட்டம், பெட்டி என்று தொடங்கி 250 பெட்டிகள் வரையச் சொல்கிறார்கள். நேற்றிரவு வரை 143. அந்தப் பாடங்களின் நல்ல விதி ஒன்று: வரையும் நேரத்தில் பாதியைப் பயிற்சிக்கல்லாமல் சொந்த விருப்பத்துக்கு வரைவதில் செலவிட வேண்டும். ஆய்வேட்டுக்கும் இப்படியொரு விதி இருந்திருந்தால் நம்மில் பலர் இன்னும் நல்ல நிலையில் இருந்திருப்போம். தொலைநோக்குக்கு ஸ்காட் ராபர்ட்சனின் 2013ஆம் ஆண்டு நூல் இருக்கிறது, பாதி புரிகிறது. வண்ணத்தையும் ஒளியையும் ஜேம்ஸ் கர்னியின் நூலோடு அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். என் மனிதர்களின் கைவிரல்கள் இன்னும் இஞ்சிக்கிழங்கு போலத்தான் இருக்கின்றன.

பருவம் என்றது 16 வாரம். வாரத்துக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு: முதல் திட்டத்தில் ஒரு வாரம் 22 மணி நேரம் வரைந்துவிட்டு அடுத்த பத்து நாள் பென்சிலைத் தொடவில்லை. கருவிகள்: தாள்கட்டு, பந்துமுனைப் பேனா, பழைய கணினி, கிரிட்டா என்ற இலவச மென்பொருள், தோழி ஒருத்தி தந்த சிறிய வரைபலகை.

திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் இடையில் புகுந்தது. பாரதப்புழைக் கரையோரப் பகவதி கோயில்களில் நடக்கும் தோற்பாவைக்கூத்தை எங்கள் மாவட்டத்தார் அறிவார்கள். பாடல்கள் கம்பராமாயணத்தைத் தழுவியவை. விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. அந்தக் கலப்பைப் பதிவு செய்ய மொழியியல் மாணவியாகத்தான் போனேன். நள்ளிரவு தாண்டி ஒலிப்பதிவுக் கருவியின் மின்கலம் தீர்ந்தது. அனுமதி கேட்டுத் திரைக்குப் பின்னால் சென்று அமர்ந்தேன். வரிசையாக 21 விளக்குகள். தோலில் வெட்டிய பாவைகள், நுணுக்கமாகத் துளையிட்டவை. ஒரே இராமனுக்கு அமர்ந்த பாவை வேறு, நின்ற பாவை வேறு, போர் செய்யும் பாவை வேறு. அருகில் பார்க்கும்போது துளைகளின் நுட்பத்தில் மயங்கிப்போகிறோம். முன்பக்கம் வந்து நின்றால் கறுப்பு வடிவமும் சில ஒளிப்புள்ளிகளும் மட்டுமே. ஆயினும் யார் வந்தார் என்பதில் ஒரு கணமும் ஐயம் இல்லை.

பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பார், அப்போதும் அடையாளம் தெரிகிறதா என்று கான்செப்ட் ஆர்ட் ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வார்கள். காணொளிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து, அதுவரை வரைந்திருந்த 15 பாத்திரங்களையும் கணினியில் கறுப்பாக்கினேன். 12 பேர் ஒரே ஆள். முகச்சாயத்தையும் அணிகலன்களையும் நம்பியே அவ்வளவு நாள் வேறுபடுத்தியிருக்கிறேன்.

அன்றிரவு கூத்துமாடத்தின் முன் பார்வையாளர் என்று பார்த்தால் உறங்கிக்கொண்டிருந்த மூவர். புலவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை. தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக நடப்பது அந்தக் கூத்து. அவள் விழித்திருந்தால் போதும். விருப்பக்குறிகளை எண்ணும் பழக்கமுள்ள எனக்கு அந்த மூவரையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வீட்டு நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை இன்னும் 14 மாதங்களில் முடிகிறது. மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவருக்குக் காத்திருக்கும் இடங்கள் எத்தனை என்பது இதை வாசிக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கான்செப்ட் ஆர்ட்டில் மட்டும் இடங்கள் காத்திருக்கின்றனவா என்றால், அங்கும் இப்போது எந்திரங்கள் படம் வரைகின்றன. அம்மா, "ஒரு குதிரைல ஏறு கண்ணு, ரெண்டு குதிரைல ஏறாத" என்கிறார். நான் குதிரிலிருந்தே இன்னும் இறங்கவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்ளும் மனநிலையில் அவர் இல்லை. பாட்டிக்கு இவ்வாண்டு இரண்டு முறை மூச்சுத்திணறல் வந்தது. 100 பொருள்களில் 31தான் முடிந்திருக்கின்றன. அவற்றில் 19 அவர் திருத்தியவை. அந்தக் கணக்கில் 14 மாதம் எனக்குப் பெரிய எண்ணாகத் தோன்றவில்லை.

நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது படங்களை மட்டும், திருத்திய குறிப்புகளோடு, பின்னிணைப்பாகச் சேர்க்கலாம், 20 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். நான்காவது படங்களை அவரிடம் காட்டவில்லை.

32ஆவது பொருள் கரும்பாலைக் கொட்டகை. மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அதன் புகைப்படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பார்க்கவில்லை, சொல்லிலிருந்தே வரைந்தேன். கூரையும் கொப்பரையும் சரியாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் ஆலையில் காய்ச்சுபவர் ஒருவரிடம் காட்டினேன். அடுப்புவாயைத் தொட்டு, "இதுல சக்கைய எந்தப் பக்கம் இருந்து தள்ளுவீங்க? அந்தப் பக்கம் காத்து அடிச்சா தள்றவன் மூஞ்சி என்ன ஆகும்?" என்றார். காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சுகிறோம், வந்து நின்று பாருங்கள் என்றார். உடுமலையிலிருந்து முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.